டெலஸ்கோப் அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல கிளப்ல சேருங்க: வானம் பாக்க வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வானம் பாக்கணும்னு ஆசை வந்த உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எந்த டெலஸ்கோப் வாங்கலாம்"ங்கறதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. பெட்டி மேல 525 மடங்கு பெருசா தெரியும்னு போட்டு, தொட்டா ஆடுற ஸ்டாண்டோட வர்ற ஐட்டம் எத்தனையோ வீட்ல பரண் மேல கிடக்குது. அது மட்டமான சாமான்ங்கறது ஒரு காரணம்னாலும் முக்கிய காரணம் வேற. நிலா பாத்தாச்சு, வியாழன் பாத்தாச்சு, சனி வளையம் பாத்து "ஐயோ சூப்பர்"னு சொல்லியாச்சு, நாலாவதா எதப் பாக்குறதுன்னு தெரியல, அதோட கதை முடிஞ்சுது.

அந்த நாலாவது ராத்திரிக்குத்தான் கிளப் வேணும், அப்சர்விங் ப்ரோக்ராம் வேணும். ப்ரோக்ராம்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்லீங்க. பாக்க வேண்டிய பொருள்கள் ஒரு லிஸ்ட், எப்படிப் பாக்கணும்னு நாலு ரூல், பாத்தத எழுதி வைக்க ஒரு நோட்டு, அவ்வளவுதான். அமெரிக்காவுல கிளப்புகள் எல்லாம் சேந்த அஸ்ட்ரானமிகல் லீக்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, அவங்க இந்த மாதிரி டஜன் கணக்குல ப்ரோக்ராம் வச்சிருக்காங்க. நிலா, இரட்டை விண்மீன், மெஸ்ஸியர் (அந்தக் காலத்து பிரெஞ்சு வானியலாளர் ஒருத்தர் போட்ட லிஸ்ட்), எரிகல், சூரியப் புள்ளி, என்ன வேணுமோ இருக்கு. சர்டிஃபிகேட்டும் சட்டையில குத்துற பின்னும் மெம்பருக்குத்தான், ஆனா லிஸ்ட்டும் ரூலும் யார் வேணா எடுத்துக்கலாம், நம்ம ஊர்ல வானம் பாக்குறவங்களும் இத அப்படியே பாலோ பண்ணலாம், நம்ம வானத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கவும் செய்யலாம். சர்டிஃபிகேட் இல்லாம பண்றதுல ஒரு குறையும் இல்லன்னு என் அபிப்பிராயம்.

கிளப்ப எப்படி கண்டுபுடிக்கிறது

சென்னைன்னா கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், திருச்சின்னா அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், அங்க போய் "இங்க வானம் பாக்குற குரூப் யாராவது வர்றாங்களா"ன்னு கேளுங்க. மத்த ஊர்ல தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட மாவட்டக் கிளை ஆளுங்கள புடிங்க, கிரகணம் வந்தா கண்ணாடி குடுத்து ஸ்கூல் ஸ்கூலா ஓடுறவங்க அவங்கதான், அவங்களுக்கு ஊர்ல யார்கிட்ட டெலஸ்கோப் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். காலேஜ் பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்லயும் விசாரிங்க. இந்தியாவுல இந்த கிளப் கலாச்சாரம் புதுசு இல்ல, புனேவுல ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தாங்கற வானியல் கிளப் 1944லயே ஆரம்பிச்சது. ஒரு சின்ன எச்சரிக்கை, பேர்ல ஜோதி, ஜோதிடம்னு ஏதாவது வந்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்குங்க, ஏன்னா நம்ம ஊர்ல "அஸ்ட்ரானமி கிளப்"னு சொன்னாலே ஜாதகத்த நீட்டுறவங்க உண்டு.

கிளப்போட வாட்ஸ்அப் குரூப்ல சேந்ததும் "வணக்கம், நான் புதுசு"ன்னு மட்டும் போட்டுட்டு உக்காந்துடாதீங்க. எந்த ஏரியா, மொட்டைமாடி இருக்கா, பைனாகுலர் இருக்கா, ராத்திரி வெளிய தங்க முடியுமா, இத நாலு வரியில சொல்லுங்க. அதோட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த குரூப்ல யாராவது லிஸ்ட் வச்சுப் பாக்குறாங்களா, நோட்டு எழுதுறாங்களா? இதுக்கு வர்ற பதில்லயே அந்த கிளப் எப்படின்னு தெரிஞ்சிடும். நிறைய குரூப் குட்மார்னிங் மெசேஜும் நாசா போட்டோ ஃபார்வர்டுமா ஓடும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்குள்ளயும் ரெண்டு பேரு அமைதியா நோட்டு எழுதிட்டு இருப்பாங்க, உங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டு பேருதான்.

முதல் ஸ்டார் பார்ட்டிக்கு போறப்ப

கிளப்புகள் மாசத்துக்கு ஒரு தடவை அமாவாசைக்கு பக்கத்துல வர்ற சனிக்கிழமைய புடிச்சு ஏலகிரி, ஜவ்வாது மலை, கொல்லிமலைன்னு இருட்டான இடத்துக்கு போவாங்க. தேதி தெரிய ஆப் எல்லாம் தேவையில்ல, வீட்ல தொங்குற தினசரி காலண்டர்லயே அமாவாசை இருக்கு. "அமாவாசை ராத்திரியில காட்டுப்பக்கம் போறியா"ன்னு பாட்டி கேப்பாங்க, அதுக்கு பதில் நீங்களே தயார் பண்ணி வச்சுக்குங்க.

பொழுது சாயறதுக்கு முன்னாடி போய் சேந்துடணும், இதுதான் புதுசா வர்றவங்க பெரும்பாலும் கோட்டை விடுற இடம். கண்ணு இருட்டுக்கு முழுசா பழக 20, 30 நிமிஷம் ஆகும், எட்டு மணிக்கு ஒருத்தர் ஹெட்லைட்ட போட்டுக்கிட்டு உள்ள வந்தா அங்க இருக்குற அத்தனை பேரோட அரை மணி நேரமும் போச்சு. லேட்டாகும்னா முன்னாடியே போன் பண்ணிட்டு, கொஞ்சம் தள்ளி வண்டிய நிறுத்திட்டு நடந்து வாங்க. டார்ச் மேல கிஃப்ட் சுத்துற சிவப்பு கண்ணாடி பேப்பர ரெண்டு மடிப்பா ரப்பர் பேண்ட் போட்டு கட்டிடுங்க, சிவப்பு வெளிச்சம் கண்ணோட இருட்டுப் பழக்கத்த அவ்வளவா கெடுக்காது. போன பாக்கெட்டுக்குள்ள வைங்க, ஸ்டெல்லேரியம் மாதிரி ஆப் பாத்தே ஆகணும்னா அதுல இருக்குற நைட் மோட ஆன் பண்ணிக்குங்க.

அடுத்தவங்க டெலஸ்கோப் பக்கம் போனா "பாக்கலாமாண்ணா", "பாக்கலாமாக்கா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. ஐபீஸ, அதாவது கண்ண வச்சுப் பாக்குற லென்ஸ, கையால புடிக்காம கண்ண மட்டும் கிட்ட கொண்டு போங்க, கை பட்டா பொருள் ஃபீல்டுக்கு, அதாவது தெரியுற வட்டத்துக்கு, வெளிய போயிடும். பாத்துட்டு "ம், தெரியுது"ன்னு நகர்ந்துடாதீங்க. "இதுல நான் எதக் கவனிக்கணும்"னு கேளுங்க, அந்த ஒரு கேள்விக்காக காத்துக்கிட்டு இருக்குற ஆளுங்க அவங்க.

பாதுகாப்பு விஷயம் ரொம்ப பேர் பேசுறதில்ல. காட்டுப் பகுதின்னா வனத்துறை பெர்மிஷன் இல்லாம இறங்காதீங்க, மலைப்பக்கம் யானை, காட்டெருமை நடமாட்டம் இருக்குற இடம் நிறைய. ஊருக்கு வெளிய வயல்ல கூடுறீங்கன்னா பக்கத்துல இருக்குற ஊர்க்காரங்ககிட்டயும் லோக்கல் ஸ்டேஷன்லயும் சாயங்காலமே சொல்லிடுங்க, நடுராத்திரி நாலு பேரு நீளமா ஒரு குழாய வச்சுக்கிட்டு நின்னா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சொல்லிட்டா ஊரே வந்து வரிசையில நின்னு சனியப் பாத்துட்டு போகும். பெண்கள் வர்றாங்கன்னா டாய்லெட், தங்குற இடம், யார் யாரு வர்றாங்க எல்லாத்தையும் முன்னாடியே குரூப்ல வெளிப்படையா போடுற கிளப்பா பாத்து சேருங்க, "வாங்க பாத்துக்கலாம்"ங்கற கிளப் வேண்டாம். மத்தபடி கொசுவத்தி, போர்வை, குல்லா, பிளாஸ்க்ல டீ. ஜனவரியில ஏலகிரி மேல விடிகாலைப் பனிக்கு லென்ஸ் எல்லாம் வேர்த்துடும், அத கர்ச்சீப்பால துடைக்காதீங்க, கோட்டிங் கீறல் விழும், தானா காய விடுங்க.

எந்த ப்ரோக்ராம்ல ஆரம்பிக்கிறது

கேட்டா பெரும்பாலான ஆளுங்க மெஸ்ஸியர்னுதான் சொல்வாங்க. நான் நிலான்னு சொல்வேன். ஊர் வெளிச்சம் நிலாவ ஒண்ணும் பண்ணாது, தி.நகர் மொட்டைமாடியிலயும் ஏலகிரியிலயும் கிட்டத்தட்ட அதே நிலாதான், மாசத்துல பாதி நாள் சாயங்காலமே கிடைக்கும், ஊர் விட்டு ஊர் போக வேண்டாம்.

லீக்கோட நிலா லிஸ்ட்ல 100 ஐட்டம். வெறும் கண்ணுக்கு 18, பைனாகுலருக்கு 46, டெலஸ்கோப்புக்கு 36. வெறுங்கண் லிஸ்ட்டப் பாத்தா உங்களுக்கு சிரிப்பு வரும், அதுல நிலாவுல முயல் தெரியுதான்னு பாக்குறதும் ஒண்ணு, நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது பாலோட சேத்து ஊட்டுன விஷயம். இன்னொண்ணு, அமாவாசை ஆன நேரத்துல இருந்து 40 மணி நேரத்துக்குள்ள வளர்பிறைய புடிக்கணும். மூணாம் பிறை பாத்தா நல்லதுன்னு மேற்குப் பக்கம் பாத்து கும்பிடுற வழக்கம் இருக்குல்ல, அந்த நேரம்தான், சில மாசம் அதுக்கும் ஒரு நாள் முன்னாடி. சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள அடிவானத்த ஒட்டி தேடணும், மேற்கே தென்னந்தோப்போ அபார்ட்மென்டோ இருந்தா கிடைக்காது. அந்த மெல்லிசான பிறைக்குள்ள மீதி வட்டமும் மங்கலா சாம்பல் நிறத்துல தெரிஞ்சா அது பூமியில பட்டுத் திரும்புன வெளிச்சம், அதுவும் லிஸ்ட்ல ஒரு ஐட்டம், ஒரே பார்வையில ரெண்டு டிக்.

பைனாகுலர் லிஸ்ட்டுக்கு வந்தா ஒரு ரகசியம் தெரிஞ்சுக்குங்க: பௌர்ணமி அன்னிக்கு நிலாவப் பாக்காதீங்க. வெளிச்சம் நேரா விழுறதால நிழலே இருக்காது, எல்லாம் தட்டையா தெரியும். வெளிச்சமும் இருட்டும் பிரியுற கோடு இருக்கே, அந்தக் கோட்டுப் பக்கம்தான் பள்ளங்கள் நிழலோட எந்திரிச்சு நிக்கும், அந்தக் கோடு தினமும் நகரும். அஞ்சாறு நாள் பிறையில தியோஃபிலஸ், சிரில்லஸ், கேத்தரினான்னு மூணு பள்ளம் ஒட்டிக்கிட்டு வரிசையா இருக்கும். பாதி நிலா தாண்டுன உடனே டாலமேயஸ், அல்போன்சஸ், அர்சகெல்னு இன்னொரு மூணு. ஒன்பதாம் நாள் வாக்குல 93 கிலோமீட்டர் அகலத்துல கோப்பர்னிகஸ். இதனால ஒரே ராத்திரியில லிஸ்ட்ட முடிக்கவே முடியாது, ரெண்டு மூணு மாசம் நிலாவோட பின்னாலயே போகணும், அதுக்குள்ள வானத்துல எது எப்ப எங்க வரும்ங்கறது உங்களுக்கே பழகிடும். பைனாகுலர் 7×50 இல்லன்னா 10×50 போதும் (முதல் நம்பர் எத்தனை மடங்கு, ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல). கை ஆடும், சுவத்துல முழங்கைய ஊனிக்குங்க, இல்ல ஈஸிசேர்ல சாஞ்சு பாருங்க.

நிலா அலுத்துச்சுன்னா டவுன் வெளிச்சத்துலயே இரட்டை விண்மீனும் பாக்கலாம். கல்யாணத்துல அருந்ததி காட்டுறாங்களே, அந்த வசிஷ்டர் அருந்ததி ஜோடி வெறுங்கண்ணுக்கே பிரியும். டெலஸ்கோப் வச்சா வசிஷ்டரே ரெண்டாப் பிரிவார், 14 ஆர்க் செகண்ட் இடைவெளி (ஒரு டிகிரிய 3600 பங்காப் பிரிச்சா ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்). ஐயர் கல்யாணத்தன்னிக்கு பகல்ல காட்டுனதுக்கு இப்பவாவது நிஜமா பாத்துக்கலாம்.

நோட்டு எழுதுறது

பாக்குறதுல பாதி இதுதான், இத விட்டுட்டா ப்ரோக்ராமே இல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் தேதி, நேரம், இடம், எத வச்சுப் பாத்தீங்க, எத்தனை மடங்கு, வானம் எப்படி இருந்துச்சு, அப்புறம் என்ன தெரிஞ்சுது. கடைசி ஐட்டத்துல "அழகா இருந்துச்சு"ன்னு எழுதுனா கிளப் பெருசுங்க திருப்பி குடுத்துடுவாங்க. மாதிரிக்கு ஒண்ணு இப்படி இருக்கலாம் (எம் 41னா மெஸ்ஸியர் லிஸ்ட்ல 41வது பொருள், ஒரு விண்மீன் கூட்டம்):

"எம் 41. பிப்ரவரி 1, இரவு 9.30 (16:00 யூடி). ஏலகிரி. 10×50 பைனாகுலர். மேகம் இல்ல, தெக்கே அடிவானத்துல லேசா புகை. சிரியஸுக்கு கீழ சுமார் 4 டிகிரி, ரெண்டும் ஒரே ஃபீல்டுல. முதல் பார்வைக்கு மங்கலான திட்டு, கொஞ்ச நேரம் பாத்தா பத்துப் பன்னெண்டு விண்மீன் தனித்தனியா. நடுவுல ஒண்ணு மட்டும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு மாதிரி, உறுதியா சொல்ல முடியல."

அந்த "உறுதியா சொல்ல முடியல"ங்கறது ரொம்ப முக்கியமான வரி. புத்தகத்துல இருக்குறத எழுதாதீங்க, கண்ணுக்குத் தெரிஞ்சத எழுதுங்க, தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க. படம் வரையத் தெரியாதுன்னு விடாதீங்க, ஒரு வட்டம் போட்டு பிரகாசமான விண்மீனுக்கு பெரிய புள்ளி, மங்கலானதுக்கு சின்ன புள்ளி வச்சா போதும். வரைய ஆரம்பிச்சா கண்ணு தன்னால உத்துப் பாக்கும், அதுக்காகவே வரையச் சொல்றாங்க.

யூடின்னா உலகப் பொது நேரம், நம்ம நேரத்துல இருந்து அஞ்சரை மணி நேரம் கழிக்கணும். இங்க ஒரு பொறி இருக்கு: பிப்ரவரி 2 விடிகாலை 3 மணிக்கு பாத்தீங்கன்னா அது யூடியில பிப்ரவரி 1, 21:30. தேதியே மாறுது. வெளிநாட்டு அமைப்புக்கு டேட்டா அனுப்புறப்ப இது தப்புனா மொத்த அப்சர்வேஷனும் ஒரு நாள் தள்ளிப் போயிடும், அதனால ஆரம்பத்துல இருந்தே ரெண்டு நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பழகுங்க.

மெஸ்ஸியர், நம்ம வானத்துல இருந்து

இப்பதான் இருட்டான இடம் தேவைப்படும். மெஸ்ஸியர் லிஸ்ட்ல 110 பொருள், விண்மீன் கூட்டம், நெபுலாங்கற வாயு மேகம், கேலக்ஸி எல்லாம் கலந்தது. லீக்ல 70 முடிச்சா சர்டிஃபிகேட், 110ம் முடிச்சா அடுத்த படி. பைனாகுலர் மட்டும் வச்சு 50 பாக்குற தனி ப்ரோக்ராமும் இருக்கு, முதல்ல அதப் பண்ணுங்கன்னு சொல்வேன்.

தமிழ்நாட்டுல இருந்து 110ம் தெரியும், அதுதான் நமக்கு லாபம். பாரிஸ்ல உக்காந்து பாத்த மெஸ்ஸியருக்கு எம் 7 அடிவானத்துக்கு மேல வெறும் 6 டிகிரி உசரத்துலதான் வந்திருக்கும், நமக்கு அது 40 டிகிரிக்கு மேல ஏறும். அவர் லிஸ்ட்ல இல்லாத தெற்கு வானமும் நமக்கு இருக்கு. ஓமேகா சென்டாரிங்கற உருண்டையான விண்மீன் கூட்டம் மே மாசம் ராத்திரி பத்து மணி வாக்குல தெக்கே 30 டிகிரி உசரத்துல நிக்கும், 8 இன்ச் அகலக் கண்ணாடி வச்ச டெலஸ்கோப்ல பாத்தா கருப்புத் துணியில ரவையக் கொட்டுன மாதிரி இருக்கும், அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் பெரும்பாலான ஆளுங்களுக்கு இது கிடைக்காது இல்லன்னா அடிவானத்துப் புழுதிக்குள்ளதான் தெரியும். அதனால நம்ம ஆளுங்களுக்கு மெஸ்ஸியர் முடிச்ச கையோட கால்டுவெல் லிஸ்ட்ட எடுக்குறது நல்லது, 1995ல பேட்ரிக் மூர்ங்கற இங்கிலாந்து வானியல் எழுத்தாளர் போட்ட 109 பொருள் லிஸ்ட், தெற்கு வானமும் அதுல உண்டு.

தேடுறது எப்படின்னா ஸ்டார் ஹாப்பிங். தெரிஞ்ச விண்மீன்ல இருந்து மேப்பப் பாத்து ஒண்ணொண்ணா தாவிப் போறது. பட்டன அமுக்குனா தானே போய் நிக்குற கோட்டூ டெலஸ்கோப் மெஸ்ஸியர் ப்ரோக்ராம்ல செல்லாது, நீங்களே தேடிக் கண்டுபுடிக்கணும்ங்கறதுதான் அதோட நோக்கமே. முதல் தடவை ஒரு கேலக்ஸிக்கு ஒரு மணி நேரம் ஆகும், எரிச்சலா வரும், பக்கத்துல இருக்குற கிளப் ஆள கூப்பிட்டு "இதுதானா பாருங்க"ன்னு கேக்கலாம், ஆனா அவரையே தேடிக் குடுக்கச் சொல்லாதீங்க. கண்டுபுடிச்சதும் நேரா உத்துப் பாக்காம கொஞ்சம் ஓரமா பாருங்க, கண்ணோட நடுப்பகுதிக்கு மங்கலான வெளிச்சம் புடிபடாது, ஓரத்துல இருக்குற செல்லுக்குத்தான் புடிபடும். போட்டோவுல பாத்த கலர் எதுவும் தெரியாது, எல்லாம் சாம்பல்தான், இத முன்னாடியே சொல்லிடறேன்.

மார்ச் அமாவாசையில ஒரே ராத்திரியில 110ஐயும் ஓட்டுற மெஸ்ஸியர் மாரத்தான்னு ஒண்ணு நடக்கும். ஜாலியா இருக்கும், ஆனா எதையும் ஒழுங்கா பாக்க மாட்டீங்க.

நீங்க பாக்குறது யாருக்காவது உதவணுமா

எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இது. சில விண்மீனோட பிரகாசம் கூடிக் குறையும், மாறும் விண்மீன்னு சொல்றோம், அதையெல்லாம் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்க தொழில்முறை விஞ்ஞானிங்ககிட்ட நேரமும் டெலஸ்கோப்பும் பத்தாது. அதுக்குத்தான் 1911ல இருந்து ஆவ்சோங்கற அமெரிக்க மாறும் விண்மீன் சங்கம் உலகம் பூரா இருக்குற அமெச்சூர் ஆளுங்க அனுப்புற மதிப்பீட்ட சேத்து வைக்குது. மெம்பர் ஆகணும்னுகூட இல்ல, ஒரு அப்சர்வர் கோட் வாங்கிட்டா யாரும் அனுப்பலாம், அது ஃப்ரீ.

இதுல நமக்கு பழைய சொந்தம் இருக்கு. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரியில வேல பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல ஆர் ரெட்டிகுலிங்கற மாறும் விண்மீன கண்டுபுடிச்சார். அப்புறம் ஜெசோர்ல, இப்ப பங்களாதேஷ்ல இருக்குற ஊரு, ராதா கோபிந்த சந்திரான்னு ஒரு கஜானா குமாஸ்தா. பள்ளிப் பரீட்சையில தேறாதவர், 1918ல வானத்துல திடீர்னு வெடிச்ச நோவாவ பாத்து எழுதி அனுப்புனார், அப்புறம் ஆவ்சோவுக்கு 37 ஆயிரத்துக்கும் மேல மதிப்பீடு குடுத்திருக்கார். 1926ல அவருக்கு ஆவ்சோ அமெரிக்காவுல இருந்து ஒரு 6 இன்ச் டெலஸ்கோப்ப கடனா அனுப்புச்சு, அவருக்கு அப்புறம் அது வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு கைக்கு வந்து, கடைசியில நம்ம ஜவ்வாது மலை காவலூர் அப்சர்வேட்டரிக்கே வந்து சேந்துச்சு.

செய்முறை இதுதான். ஜனவரி பிப்ரவரி சாயங்காலம் திருவாதிரைய பாருங்க, ஓரியன்ல சிவப்பா இருக்குற அந்த விண்மீன். அதோட ரோகிணியையும் புரோசியானையும் (ஓரியனுக்கு கிழக்கே இருக்குற பிரகாசமான விண்மீன்) ஒப்பிடுங்க. புரோசியான் 0.4, ரோகிணி 0.9, நம்பர் பெருசானா விண்மீன் மங்கல்னு அர்த்தம். திருவாதிரை புரோசியான விட மங்கலா, ரோகிணிய விட பிரகாசமா இருந்து, அந்த இடைவெளிய அஞ்சு பங்காப் பிரிச்சா புரோசியான்ல இருந்து ரெண்டாவது பங்குல நிக்குதுன்னு தோணுச்சுன்னா 0.6. எழுதி வைங்க. சிவப்பு விண்மீன வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணுக்கு அது பிரகாசமாகிக்கிட்டே போகும், அதனால சட்டு சட்டுனு பாத்து கண்ண எடுங்க. மூணும் கிட்டத்தட்ட ஒரே உசரத்துல இருக்குறப்ப பாருங்க, அடிவானத்துக்கு கிட்ட இருக்குறத காத்து மங்கலாக்கிடும். 2019 கடைசியில இதே திருவாதிரை மங்க ஆரம்பிச்சு 2020 பிப்ரவரியில 1.6 வரைக்கும் இறங்குச்சு, பக்கத்துல இருக்குற பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துடுச்சு. மொட்டைமாடியில நின்னு வெறுங்கண்ணாலயே அத அளக்க முடிஞ்சுது.

கை பழகுனதும் மிதுனத்துல ஜீட்டா ஜெமினோரம்ன்னு ஒண்ணு, சுமார் 10 நாளைக்கு ஒரு தடவை 3.6க்கும் 4.2க்கும் நடுவுல ஏறி இறங்கும், ஜனவரி முதல் மே வரைக்கும் சாயங்காலத்துல கிடைக்கும். ஆவ்சோ சார்ட் எடுத்தீங்கன்னா ஒப்பிடுற விண்மீன் பக்கத்துல 36, 41ன்னு நம்பர் இருக்கும். 3.6, 4.1னு அர்த்தம். புள்ளி வச்சா அதையும் விண்மீன்னு நெனச்சுடுவோம்னு புள்ளிய எடுத்துட்டாங்க. ஒரே ரூல், நேத்து எவ்வளவு போட்டோம்னு பாக்காம இன்னிக்கு மதிப்பீடு பண்ணணும், "ஏறணுமே"ன்னு மனசு நெனச்சா கண்ணும் ஏத்திக் காட்டும்.

மழைக்காலத்துல என்ன பண்றது

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, டிசம்பர் 14 ஜெமினிட் எரிகல் பொழிவு நமக்கு நிறைய வருஷம் மேகத்துக்குப் பின்னாலதான். பதிலுக்கு மே 5, 6 விடிகாலை ஈட்டா அக்வாரிட்ஸ் இருக்கு, ஹாலி வால்மீன் விட்டுட்டுப் போன தூசு, மூணு மணிக்கு மேல கிழக்கப் பாத்து படுத்துக்கிட்டு எண்ணலாம். எப்ப ஆரம்பிச்சீங்க, எப்ப முடிச்சீங்க, நடுவுல எத்தனை நிமிஷம் டீ குடிக்கப் போனீங்க, மேகம் வானத்துல எவ்வளவு பங்கு மறைச்சுது, கண்ணுக்குத் தெரிஞ்ச மங்கலான விண்மீன் எது, இது எல்லாம் இருந்தாதான் சர்வதேச எரிகல் அமைப்புக்கு அந்த எண்ணிக்கை உபயோகம்.

மழை மாசத்துக்கு லேப்டாப் ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு. ஐஏஎஸ்சின்னு குறுங்கோள் தேடுற திட்டம். ஹவாய்ல இருக்குற பேன் ஸ்டார்ஸ் டெலஸ்கோப் எடுத்த படங்கள செட் செட்டா அனுப்புவாங்க, ஒரே இடத்த சில நிமிஷ இடைவெளியில எடுத்த நாலு படம். அஸ்ட்ரோமெட்ரிகாங்கற விண்டோஸ் சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தி மாத்தி ஓட்டுனா விண்மீனெல்லாம் அசையாம நிக்கும், ஏதாவது ஒரு புள்ளி மட்டும் நேர்கோட்டுல நகந்தா அதுதான் நம்ம ஆளு. அளந்து ரிப்போர்ட் அனுப்பணும். டீமாத்தான் சேர முடியும், அதனாலயே கிளப் வழியா போறது சுலபம், ஏற்கனவே பண்ணுனவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்குடுத்தா ஒரு மதியத்துல புடிபட்டுடும். கேமரா சிப்ல வர்ற குப்பைப் புள்ளியையும் நிஜக் குறுங்கோளையும் பிரிக்கறதுலதான் கஷ்டமே.

"குறுங்கோள் கண்டுபிடித்த மாணவி"ன்னு பேப்பர்ல வர்ற நியூஸ் பாத்திருப்பீங்க. பெரும்பாலும் அது முதல்நிலைக் கண்டுபிடிப்புதான். அடுத்து தற்காலிகப் பேரு, சுற்றுப்பாதை உறுதியாகி நம்பர் கிடைக்க வருஷக்கணக்குல ஆகும், நம்பர் வந்தப்புறம்தான் பேரு வைக்குற பேச்சே. முயற்சி பெருசு, சந்தேகமே இல்ல, ஆனா பிள்ளைங்ககிட்ட இத முதல்லயே சொல்லிடறது நல்லது, இல்லன்னா அடுத்த மாசம் பேரு என்னாச்சுன்னு கேட்டுட்டு நிக்கும்.

இப்ப வாங்கலாம்

ஒரு லிஸ்ட்டாவது கிளப் டெலஸ்கோப்லயும் கடன் வாங்குன பைனாகுலர்லயும் முடிச்சப்புறம் உங்களுக்கே தெரியும் என்ன வேணும்னு. கேலக்ஸி, நெபுலான்னா 6 இல்ல 8 இன்ச் டாப்சோனியன், மோட்டார் இல்லாம தரையில வச்சு கையால திருப்புற டைப், காசுக்கு கிடைக்குற அதிகபட்ச கண்ணாடி அதுலதான். ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது வானம் சுத்துற மாதிரியே டெலஸ்கோப்ப திருப்புற ஸ்டாண்ட், வேணும்னா யோசிச்சுக்குங்க, அத துருவ விண்மீனுக்கு நேரா வைக்கணும், நமக்கு துருவம் சென்னையில 13 டிகிரி, கன்னியாகுமரியில 8 டிகிரி உசரத்துலதான், பக்கத்து வீட்டு தண்ணி டேங்குக்கு பின்னாடி போயிடும். சூரியன் பாக்கப் போறீங்கன்னா டெலஸ்கோப்போட முன் வாய் முழுசா மூடுற சோலார் ஃபில்டர் மட்டும்தான், ஐபீஸ்ல திருகுற குட்டி ஃபில்டர் கூட வந்திருந்தா தூக்கிப் போடுங்க, சூட்டுல அது வெடிச்சா கண்ணு போயிடும். செகண்ட் ஹேண்ட் வாங்குறதா இருந்தா கிளப்ல வாங்குங்க, வாங்குற அன்னிக்கே ராத்திரி வித்தவரோட சேந்து ஒரு தடவை பாத்துட்டு எடுத்துட்டு வரலாம்.

லிஸ்ட் முடிஞ்சதும் நோட்ட அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்பிடாதீங்க, கிளப்ல அந்த ப்ரோக்ராம ஏற்கனவே முடிச்ச ஒருத்தர்கிட்ட முதல்ல குடுங்க. சென்னை மொட்டைமாடியில பைனாகுலர்ல எம் 101ங்கற மங்கலான கேலக்ஸி தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தா அவர் கேள்வி கேப்பாரு, கேக்கட்டும், இன்னொரு அமாவாசைக்கு மலைக்குப் போய் திரும்பப் பாத்துட்டு அந்த வரிய மாத்திக்கலாம்.